பாத்திரத்துக்குக் கடைசியாகப் போனவள்

1

நம் சபைப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி பத்திராதிபர் ஐயா கேட்டு மூன்று மாதம் ஆகிறது. இலங்கை மலைநாட்டில் இத்தனை வருஷம் கர்த்தர் உங்களை நடத்தி வந்த விதத்தை, வாசிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்படி, இரண்டு பக்கம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். இரண்டு தடவை எழுதினேன். ஆறுதலாக வரவில்லை. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். இது மூன்றாவது. இதிலும் ஆறுதல் எந்த இடத்தில் வருகிறதென்று எனக்கே தெரியாது, வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்தோடு நான் தூத்துக்குடியில் கப்பல் ஏறி இருபத்திரண்டு வருஷம் நிறைகிறது. எழுதுகிறவள் யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: கோவிலுக்குப் பின்னால் குடியிருந்த ஏசுவடியானின் மகள் சாராள். இப்படிச் சொன்னால் உங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வராது. மூளி சாராள் என்றால் உடனே வந்துவிடும். மேலுதடு இடப்பக்கம் பிளந்து, அந்தப் பிளவு மூக்குத் துவாரம் வரைக்கும் போய் நிற்கிற முகம். விளிம்பு உடைந்த பானையைத்தானே நாம் மூளி என்போம். அதே பேரை எனக்கும் வைத்தீர்கள்.

நாடு விட்டுப் போனவர்கள் எழுதுவதை நம் பத்திரிகையில் நானும் வாசிக்கிறேன். எல்லோரும் ஊரை நினைத்து உருகுகிறார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் ருசி வேறெங்கும் இல்லை என்கிறார்கள். நான் அந்தக் கிணற்றுக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரின் ருசி எனக்கு ஞாபகம் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

2

நான் இப்படிப் பிறந்ததற்குக் காரணம் கிரகணம் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிட்டது. என்னைச் சுமந்திருந்தபோது அம்மா கிரகண வேளையில் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கினாளாம். எங்கள் குடும்பம் கிறிஸ்தவர்களாகி இரண்டு தலைமுறை ஆகியிருந்தது. கிரகணத்துப் பயம் மட்டும் ஞானஸ்நானம் வாங்கவில்லை. அம்மா சாகும்வரை கத்தரிக்காயைத் தொடவில்லை. தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறாளாம். எனக்கோ கத்தரிக்காய்க் குழம்பு ரொம்பப் பிடிக்கும். நான் செய்யாத தப்புக்கு எனக்கும் சேர்த்துத்தான் தண்டனை.

கல்யாணத்துக்கு ஆகமாட்டாள் என்று என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். என் வயதுப் பெண்கள், நல்ல உதடு உள்ளவர்கள், இன்னும் கைநாட்டு வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வேதத்தை இரண்டு தடவை முழுக்க வாசித்தேன். குருடன், சப்பாணி, அங்கத்தில் பழுதுள்ளவன் பலிபீடத்துக்குக் கிட்டே வரக்கூடாது என்று மோசேயின் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உதடு பிளந்தவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் யாரும் சேர்க்காமலே நான் என்னை அதில் சேர்த்துக்கொண்டேன்.

இருபது வயதில் கல்யாணம் ஆயிற்று. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணியோடு இலங்கைக்குப் போக இருந்த ஒருவருக்கு, கடல் தாண்டிப் போகிறவன் என்பதால், பெண் கொடுக்க ஆள் இல்லை. எனக்கு மாப்பிள்ளை இல்லை. நம் சபைக் குருவான ஐயர் இந்த இரண்டு இல்லைகளையும் கூட்டி ஒரு கல்யாணம் செய்துவைத்தார். நல்ல மனுஷர்தான் அமைந்தார், அதில் எனக்குக் குறை இல்லை.

புறப்படும்போது ஐயர் எங்கள் இருவருக்கும் சபைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போகிற இடத்தில் அதைக் காட்டினால்தான் நற்கருணை அப்பத்துக்கும் ரசத்துக்கும் சேர்த்துக்கொள்வார்கள். என் சீட்டில், "மேலுதடு பிளந்தவள், ஆனாலும் நல்ல விசுவாசி" என்று எழுதியிருந்தது. அந்த "ஆனாலும்" தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. என் வீட்டுக்காரருக்கு முன்பல் இரண்டும் கோணல். அவர் சீட்டில் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வெறும் நல்ல விசுவாசி.

தூத்துக்குடியில் ஒரு குமாஸ்தா எல்லோருக்கும் அங்க அடையாளம் எழுதினான். மற்றவர்களிடம் மச்சம் தேடினான். கையைத் திருப்பு, கழுத்தைக் காட்டு என்றான். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான், எழுதினான், அடுத்த ஆளைக் கூப்பிட்டான். கொழும்பில் இன்னொருவன் அதையே பார்த்து எழுதினான். ரயில் முடிந்த இடத்திலிருந்து மழையில் இரண்டு நாள் நடந்து நமுனுகுல மலையில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். தோட்டத்துப் பேர்ப் புத்தகமான செக்ரோலை விரித்து வைத்திருந்த கணக்கப்பிள்ளை, "சாராளா? ஏற்கனவே ரெண்டு சாராள் இருக்கே" என்று சலித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருடைய கஷ்டம் தீர்ந்தது. கடல் தாண்டி வந்தும் பழைய பட்டப்பேர் எனக்கு முந்தி வந்து உட்கார்ந்துகொண்டது.

3

இங்கே என் வேலை பிள்ளைக் காம்பரா பார்ப்பது. காம்பரா என்றால் அறை. இந்த ஊர்ப் பேச்சு என் எழுத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. அது முடிந்து கொழுந்து எடுக்கப் போகிற வழியில் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். பன்னிரண்டு ஏணை கட்டியிருக்கிறேன். ஒன்றை ஆட்டினால் இன்னொன்று அழும். பனி இறங்குகிற மாதங்களில் எல்லாவற்றுக்கும் மூக்கு ஒழுகும், எனக்கும் சேர்த்து.

கைப்பிள்ளைகளுக்கு என் உதட்டைப் பற்றிக் கவலையே இல்லை. மடியில் கிடந்தபடி குட்டி விரலைப் பிளவுக்குள் விட்டு, பல்லைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கும். மூன்று வயதானதும் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நேற்றுவரை என் கையால் கஞ்சி குடித்தது இன்று வாசலில் நின்று "மூளி ஆயா" என்று கூப்பிடும். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகள் இப்படிக் கூப்பிட்டாயிற்று. பழகிப்போகும் என்று சொன்னார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.

தோட்டத்துக் கோவில் பழைய லயம் ஒன்றின் கடைசி இரண்டு காம்பராவை ஒன்றாக்கிக் கட்டியது. ஆட்கள் குடியிருக்கிற நீள வரிசை வீட்டுக்குத்தான் இங்கே லயம் என்று பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு பதுளையிலிருந்து குருவானவர் குதிரையில் வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார்.

நாங்கள் வந்த முதல் மாதம் எல்லோரையும்போல் நானும் எழுந்து போய், பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியண்டை நடுவில் முழங்காலிட்டேன். திராட்சரசப் பாத்திரம் ஒன்றுதான். அப்போதிருந்த குருவானவர் அதை ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டே வருவார். எனக்கு உதடு சேராததால் தலையை வலப்பக்கம் சாய்த்துத்தான் குடிக்க முடியும். அப்படியே குடித்தேன். எனக்கு அடுத்து இருந்தவள் உபதேசியாரின் மனைவி தெபோராள், அப்போது புதுப்பெண். குருவானவர் விளிம்பைத் துணியால் துடைத்து அவளிடம் கொண்டுபோனார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பாத்திரத்தைச் சும்மா வாயில் படவிட்டு அனுப்பினாள். தொண்டை அசையவில்லை. குருவானவருக்கு அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் எல்லோரும் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, கடைசி ஆளாகப் போனேன். யாரும் அப்படிப் போகச் சொல்லவில்லை. ஏன் இப்படிப் போகிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை. இரண்டு மூன்று மாதத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது. எனக்குப் பிறகு அதில் வாய் வைக்க ஒருவரும் இல்லை என்ற நிம்மதியோடு குடிப்பேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்புவேன். ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் முதல் ஆளாக வெளியேறிவிடுவேன். வாசலில் கூடி நின்று பேசுகிறவர்கள் நடுவில் நிற்க எனக்கு முடியாது. கடைசியாகப் போய் முதலாவதாக ஓடுகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

4

எங்களுக்கு ஒரே மகள், கிருபை. முழு உதட்டோடு பிறந்தாள். மருத்துவச்சி பிள்ளையைத் தூக்கியதும் ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை, வாயைக் காட்டு என்றுதான் கேட்டேன்.

பத்து வயதில் அவளைப் பதுளையில் பெண்கள் போர்டிங்கில் சேர்த்தோம். இப்போது பதினைந்து. லீவுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அவளிடம் குறைந்து வேறொன்று கூடியிருக்கும். "ஆமா" போய் "ஓம்" வந்துவிட்டது. யாழ்ப்பாணத்து டீச்சர்களிடம் கற்றது. சோற்றுக்குக் கரண்டி கேட்கிறாள். லயத்துப் பெண்களோடு மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குளிக்க வரமாட்டேன் என்கிறாள். அங்கே அவளுக்குப் பேர் கிரேஸ். கிருபையில் என்ன குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்றாள். ப என்ற எழுத்து என் உதட்டில் நிற்காது, காற்றாகப் போய்விடும். நான் கிருபை என்று கூப்பிட்டால் பாதிதான் கேட்கும். கிரேஸ் என்றால் சுத்தமாக வருகிறது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இந்த வருஷம் பிஷப் பதுளைக்கு வந்து திடப்படுத்தல் கொடுப்பதாக ஏற்பாடு. அது ஆனால்தான் பிள்ளைகள் நற்கருணைக்குச் சேரலாம். அதற்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும். சான்று வாங்கப் பசறை வரை நடந்து, அங்கிருந்து மாட்டு வண்டி பிடித்துப் பதுளைக்குப் போனேன். ஆபீசில் புத்தகம் அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி வேறு யாரிடமோ இருந்தது. இரண்டாம் தடவை சாவி இருந்தது, தகப்பன் கையொப்பம் இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். மூன்றாம் தடவை கையொப்பத்தோடு போனேன். குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டி, பிரதி எழுதி, மையை ஒற்றி என் பக்கம் தள்ளினார். தகப்பன் பேர் சாலமோன். தாய் பேர் மூளி சாராள்.

"ஐயா, இது என் பேரு இல்லீங்க. சாராள் மட்டுந்தாங்க."

"புத்தகத்துல அப்பிடித்தானே இருக்கு. இருக்கிறதத்தான் நான் எழுதலாம்."

"புத்தகத்துல இப்பிடி எழுதினது யாருங்க?"

"தோட்டத்துல இருந்து வந்த பேர்ப் பட்டியலப் பாத்து எழுதியிருப்பாங்க. நான் அப்ப இங்க இல்ல."

"அதத் திருத்திருங்க, ஐயா."

"திருத்தணும்னா தோட்டத்துத் தொரைகிட்டக் கடுதாசி வாங்கிட்டு வாங்க. செக்ரோல்ல பேரு மாறியிருக்குன்னு அவரு எழுதணும்."

துரையிடம் போனால் கணக்கப்பிள்ளையிடம் போ என்பார். கணக்கப்பிள்ளையிடம் போனால், மூன்று சாராளில் எந்தச் சாராள் என்று அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பார். பிஷப் வர ஆறு நாள்தான் இருந்தது. ஆத்திரத்தை விழுங்கிக்கொண்டு காகிதத்தை மடித்து எடுத்து, போர்டிங் வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

5

திடப்படுத்தல் முடிந்து லீவு விட்டதும் கிருபையைக் கூட்டிவரப் போனேன். பசறையில் வண்டியை விட்டு இறங்கி, அவளுடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். மத்தியானத் தூறல். அவள் பின்னால் வந்தாள். அந்த ஞாயிறு எங்கள் கோவிலில் அவளுக்கு முதல் நற்கருணை. எனக்கு அதை நினைத்து நினைத்துச் சந்தோஷமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம நீ எங்கூட வா புள்ள. கடைசியில ரெண்டு பேரும் சேந்து போய் வாங்குவோம்" என்றேன்.

"நான் வரமாட்டேம்மா."

"ஏன்? எம் பக்கத்துல முழங்கா போட வெக்கமா இருக்கா?"

ஒரு வளைவு திரும்பும்வரை நடந்தாள். பிறகு "ஓம்" என்றாள்.

பெட்டியைத் தலையிலிருந்து இறக்கி வழியிலேயே வைத்தேன். என்னென்னவோ கத்தினேன். உன்னைப் பெற்ற வயிறு, வளர்த்த கை, இந்த மூஞ்சியோடு மூன்று தடவை பதுளைக்கு அலைந்தது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கிருபையும் அழுதுகொண்டே கத்தினாள்.

"ஒங்க உதட்டுக்காக இல்லம்மா!" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். "உதட்டுக்காகவும்தான். எல்லாரோட காயிதத்தையும் டீச்சர் சத்தமா வாசிச்சாங்க. அந்தப் பேர வாசிச்சப்ப எல்லாரும் சிரிச்சாங்க. செத்துரலாம்போல இருந்துச்சு. ஆனா இது வேற. நீங்க கடைசியில போறதத்தான் என்னால பாக்க முடியல. சின்னதுலருந்து பாக்குறேன். யாரோ அடிச்சுத் தொரத்தின மாதிரிப் போவீங்க, வாயப் பொத்திக்கிட்டு வருவீங்க. யாரும்மா ஒங்களத் தொரத்தினது?"

"எனக்குப் பொறவு யாரும் அதுல வாய் வெக்க வேணாம்னுதான் போறேன். அதெல்லாம் ஒனக்கு எங்க தெரியும்?"

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"ஐயரு வெக்கிறாரே" என்றாள்.

"என்னது?"

"மிச்சத்த ஐயருதானேம்மா குடிக்கிறாரு. ஆசீர்வாதம் சொன்ன ஒடனே குடிப்பாரு. நீங்க அதுக்குள்ள ஓடிப்போயிருவீங்க. நான் பாய் சுருட்ட நிப்பேன்ல, போர்டிங் போகுமுன்ன மாசாமாசம் பாப்பேன், இப்ப லீவுலயும் பாக்குறேன். நீங்க குடிச்ச பாத்திரத்த அப்பிடியே தூக்கி, ஒரு சொட்டு விடாம குடிச்சிட்டு, தண்ணி ஊத்தி அலசி அதையும் குடிச்சிருவாரு. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

நான் நம்பவில்லை. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

6

சனிக்கிழமை மத்தியானம் குருவானவர் வந்து உபதேசியார் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் தாழ்வாரம் என்போமே, அதற்கு இங்கே இஸ்தோப்பு என்று பேர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பதினோரு வருஷமாக எங்களிடம் வருகிறவர். தெபோராள் அவருக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை நின்றேன். பிறகு நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஐயா, நற்கருணையில மிஞ்சுறத என்னங்க செய்வீங்க?"

"மிச்சம் வைக்கப்படாது. வெளியிலை கொண்டுபோகவும் ஏலாது, ஊத்தவும் ஏலாது. நான்தான் குடிச்சு முடிக்கவேணும். ஏன் கேக்கிறீர்?"

"நான் வாய் வெச்ச பாத்திரத்துலயாங்க?"

"நீர்தானே கடைசியாய் வாறனீர்" என்றார். நான் கேட்டதன் அர்த்தமே அவருக்கு எட்டவில்லை. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைச் சந்தோஷப்படுத்துகிறதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "உம்மட தாழ்மை எனக்கு நல்லாத் தெரியும். போன லெந்து நோன்பு காலத்திலை பதுளையிலை உம்மைப் பற்றிப் பிரசங்கமும் செய்தனான். பந்தியிலை கடைசி இடத்தைத் தேடுற ஒரு மனுஷி எங்கட தோட்டத்துச் சபையிலை இருக்கிறா எண்டு."

பதினோரு வருஷம் மாதாமாதம் என் முகத்துக்கு நேரே குனிந்து பாத்திரம் கொடுத்த மனுஷர், நான் ஏன் கடைசியில் வருகிறேன் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதாதா? கேட்கவில்லை. பிரசங்கம் செய்திருக்கிறார்.

"ஐயா, அது தாழ்மை இல்லீங்க. வெக்கம்."

"சில வேளை ரெண்டும்..." என்று ஆரம்பித்தார்.

"இல்லீங்க" என்றேன். அவர் முடிக்கும்வரை நிற்க எனக்குப் பொறுமை இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் தேயிலை நடுவே ஒற்றையடிப் பாதையில் நின்று கர்த்தரோடு சண்டை போட்டேன். வாய்விட்டுத்தான் போட்டேன், சுற்றிலும் ஆள் இல்லை. இதை எனக்குத் தெரியப்படுத்த இருபத்திரண்டு வருஷமா என்று கேட்டேன். நான் போனபின் நடந்ததை என் பிள்ளை பார்த்திருக்கிறாள், நான் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்படி ஒரு தும்மலாவது கொடுத்திருக்கக்கூடாதா என்று கேட்டேன். அட்டை இரண்டு காலில் ஏறியதுதான் மிச்சம்.

அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. குருவானவர் என்மேல் இரக்கப்பட்டுக் குடிக்கவில்லை. அவர் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. இரக்கப்பட்டுக் குடித்திருந்தால் அதிலும் ஓர் "ஆனாலும்" இருந்திருக்கும். மூளிதான், ஆனாலும் குடிப்போம் என்று. அப்படி இல்லை. மிஞ்சியதைக் குடி என்பது அவருக்கு ஒழுங்கு. கடைசியில் வந்த வாய் எப்படிப்பட்ட வாய் என்று அந்த ஒழுங்கு கேட்பதில்லை. என் சரீரம் பிட்கப்படுகிறது என்று சொல்லி அப்பத்தைக் கொடுத்த கர்த்தர், பழுதில்லாத வாயோடு வா என்று யாரிடமும் சொல்லவில்லை. பந்தி வைத்தவர் எனக்கும் இலை போட்டுத்தான் வைத்திருந்தார். நான்தான் எச்சில் இலை எடுக்க வந்தவளைப்போல் ஓரத்தில் நின்றிருக்கிறேன். தெபோராள் ஒரு நாள் உதட்டை மூடினாள். அந்த ஒரு நாளை வைத்து நான் இருபத்திரண்டு வருஷம் என்னை மூடிக்கொண்டேன்.

பத்திராதிபர் ஐயா கேட்ட ஆறுதல் இங்கேதான் வரவேண்டும். எனக்கு வந்தது ஆறுதல் இல்லை, கோபம். போன வருஷங்கள் போனதுதானே என்ற கோபம். ஆனால் அது என் பேரில் வந்த கோபம் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் கிருபையிடம் கத்தியதுகூட உள்ளே என் பேரில் வந்ததுதான். என் ஞாபகத்தில், என் பேரில் வராத முதல் கோபம் அதுதான். விலை இல்லாத பொருளை வீணாக்கிவிட்டார்கள் என்று யாரும் கோபப்படுவதில்லை. நான் கோபப்பட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வழக்கம்போல் ஆண்கள் முதலில் போய் வந்தார்கள். பிறகு பெண்கள் பக்கத்தில் தெபோராள் எழுந்தாள், கங்காணி வீட்டுப் பெண்கள் எழுந்தார்கள். எங்கள் வரிசை எழுந்தபோது நானும் எழுந்தேன். பின்னாலிருந்து ஒருத்தி, "என்னாடி, இன்னைக்கு முன்னாடியே போறா" என்றது காதில் விழுந்தது. கால் நடுங்கியது. விசுவாசம் வந்துவிட்டால் கால் நடுங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிராதியண்டை நடுவில் இடம் இருந்தது. முழங்காலிட்டேன். யாரோ வந்து எனக்கு இடப்பக்கம் முழங்காலிட்டார்கள். போர்டிங் சோப்பு வாசம் அடித்தது. கிருபை. நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்கு முன்னால் போகவும் பின்னால் போகவும் வழி இருந்தது. ஏன் அங்கே வந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய வரிசை அப்படி வந்ததோ என்னவோ.

குருவானவர் என்னை நடுவில் கண்டு ஒரு விநாடி தயங்கினார். பிறகு பாத்திரத்தைக் கொடுத்தார். தலையை வலப்பக்கம் சாய்த்துக் குடித்தேன். ஒரு சொட்டு வழிந்து மோவாய்க்கு வந்தது. முந்தானையைத் தேடாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அவர் விளிம்பைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைத் திருப்பி, அடுத்து இருந்தவளிடம் கொண்டுபோனார்.

இறுக்கி மூடின உதடு எப்படி இருக்கும், அசையாத தொண்டை எப்படி இருக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் இந்த மலையில் இல்லை. ஓரக்கண்ணை ஒரு நூல் திருப்பினால் போதும். என் பிள்ளை, அவளுக்கு முதல் பாத்திரம், என் வாய்க்கு அடுத்த வாய். அவள் குடிக்கவில்லை என்று கண்டால் நான் எப்படி எழுந்து நடப்பேன்? குடித்தாள் என்று கண்டாலும், அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவள் வாயைப் பார்த்துத்தான் நான் தலை நிமிரவேண்டும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே இருந்த மேசையையே பார்த்தேன். மேசைத் துணியின் ஒரு மூலை மடிந்து கிடந்தது. அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு, ஆமென் சொல்லி, எழுந்து, வாயைப் பொத்தாமல் என் இடத்துக்கு வந்தேன்.

கிருபை குடித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.